காசல்ரீயில் பாய்ப்படகு வகுப்பு: கடலில் கற்றது மலைநீரில் எவ்வளவு உதவுகிறது?

இலங்கை மலையகத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் வார இறுதிகளில் நடைபெறும் பாய்ப்படகு வகுப்பைப் பற்றி ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கங்களில் இருவிதமான பேச்சு நிலவுகிறது. பணமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். உலகம் சுற்றிவந்த ஒருவர் நம் ஊருக்கே வந்து கற்றுத்தருகிறார், தவறவிடக் கூடாது என்று வேறு சிலர் வியக்கிறார்கள். என் தமக்கையின் மகளை அழைத்துக்கொண்டு நானும் அதில் சேர்ந்து பயின்றேன். ஆசிரியை பல கடல்களைக் கடந்தவர் என்ற செய்தியைவிட, அங்கே கற்றவற்றில் எதை இந்த மலைநீரில் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவர் அறிந்து வைத்திருப்பதே என்னைக் கவர்ந்தது. வகுப்பின் நிர்வாகத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல கருத்து இல்லை. அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன்.

இந்த இடத்துக்கு இன்னும் பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறி, நடத்துநரிடம் பாய்ப்படகு வகுப்பு என்று சொன்னால் சரியான வளைவில் இறக்கிவிடுகிறார். அங்கிருந்து தேயிலை மலையின் ஊடாக இறங்கும் ஒற்றையடிப் பாதை கரையில் கொண்டுபோய் விடும். தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை, அதன் முன்னே புல்வெளி, புல்வெளியில் கவிழ்த்து வைக்கப்பட்ட படகுகள்: நிலையம் என்பது இவ்வளவுதான். விளம்பரப் படத்தில் காணும் மரத்தளமும் சாய்வு நாற்காலிகளும் வேறெங்கோ எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

பாய்ப்படகுக்கு மலையகத்தில் ஏன் காசல்ரீ என்ற கேள்வி எழலாம். நுவரெலியாவின் கிரகரி வாவி பெயர் பெற்றது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவாக்கப்பட்டது. ஆனால் அங்கே அன்னப்பறவைப் படகுகளும் இயந்திரப் படகுகளும் ஓடும் நெரிசலில், திருப்பத் தெரியாத ஒருவர் பாய்ப்படகைச் செலுத்தினால் அது மற்றவர்களுக்குத்தான் ஆபத்து. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டப்பட்ட காசல்ரீ அதைவிடப் பரந்தது, கிளை கிளையாகப் பிரிவது, பெரும்பாலும் ஆளரவமற்றது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி கரையோரத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் பாயை அது சற்றே மெதுவாகத் தள்ளுகிறது என்று ஆசிரியை விளக்கினார். கற்றுக்கொள்பவருக்கு அது நல்லதுதான்.

நல்லதல்லாததும் உண்டு. மலைகளுக்கு நடுவே காற்று ஒரே சீராக வருவதில்லை. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று சுழல்களாக உடைந்து, ஒரு கிளைப் பள்ளத்தாக்கிலிருந்து பலமாக அடித்து, அடுத்த நிமிடம் நின்றுவிட்டு, பிறகு முற்றிலும் வேறு திசையிலிருந்து எழுகிறது. காலையில் நீர் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடாகும்போது காற்று மேல்நோக்கி நகரத் தொடங்கும். மாலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். எனவே சனிக்கிழமைக் காலைப் பொழுது முழுவதும் தரையில்தான் பாடம் நடக்கிறது. காற்றே இல்லாத நேரத்தில் படகில் உட்கார வைத்துப் பணத்தை நியாயப்படுத்தாமல், அந்த நேரத்தை முடிச்சுப் போடவும் பாயைப் புரிந்துகொள்ளவும் ஒதுக்கியிருப்பது நல்ல திட்டமிடல்.

படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவர்களுக்கு ஒப்டிமிஸ்ட், தனியாகச் செலுத்தப் பழகும் பெரியவர்களுக்கு லேசர், இருவராகச் செல்ல நீலப் பாய் கட்டிய பழைய என்டர்பிரைஸ் ஆகியவை இருந்தன. ஒப்டிமிஸ்ட் 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்கென்றே வடிவமைத்த படகு. இரண்டேகால் மீற்றரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள, மூக்கு மழுங்கிய பெட்டி போன்றது, எளிதில் கவிழாது. லேசர் இன்று ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் வழங்கப்படுகிறது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒரே உடலில் மூன்று அளவுப் பாய்களை மாற்றிக் கட்டலாம் என்பதே அதன் வசதி. எங்களுக்கு மிகச் சிறிய பாயைத்தான் கட்டினார்கள். உடல்கள் பழையவை, பல இடங்களில் பைபர்கிளாஸ் ஒட்டுப் போடப்பட்டவை. கயிறுகளும் கப்பிகளும் மாத்திரம் புதியவை. செலவு செய்ய வேண்டிய இடம் எது என்று தெரிந்தவர் வாங்கியிருக்கிறார் என்பது பார்த்தவுடன் புரிந்தது.

ஆசிரியை திருகோணமலையைச் சேர்ந்தவர். பிரித்தானியாவின் ரோயல் யொட்டிங் அசோசியேசன் வழங்கும் பயிற்றுநர் தகுதியைப் பெற்று, இங்கிலாந்தின் தென்கரையிலும், கோடைகளில் கிரேக்கத் தீவுகளிலும், குளிர்காலங்களில் கரீபியன் கடலிலும் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறார். விளம்பரத்தில் ‘உலகம் சுற்றிய மாலுமி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் அறிமுகத்திலேயே அவர் அதைத் திருத்தினார். அத்திலாந்திக்கை ஒரு படகில், பசிபிக்கை வேறொரு படகில், இந்து சமுத்திரத்தை மற்றொன்றில் என்று, வெவ்வேறு ஆண்டுகளில், பெரும்பாலும் பிறருடைய படகுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையாகவே அவர் கடந்திருக்கிறார். “ஒரே மூச்சில் சுற்றியவர்கள் வேறு ஆட்கள், நான் துண்டு துண்டாச் சுத்தினவள்” என்று சொல்லிவிட்டு முடிச்சுக் கயிற்றை எடுத்தார். விளம்பரம் எழுதியவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சிறு குழுவில் பாடசாலை மாணவிகள் சிலர், கண்டியிலிருந்து வந்த சிங்களத் தம்பதியர், தோட்டக் காரியாலயமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர், நாங்கள் இருவர் ஆகியோர் இருந்தோம். பாடம் தமிழில் நடந்தது. தம்பதியருக்காக இடையிடையே சிங்களத்தில் சுருக்கிச் சொன்னார். மாணவிகளுக்கு அவர் ‘மிஸ்’, முதியவருக்கு ‘மகள்’. முதியவரை அவர் ‘ஐயா’ என்றே அழைத்தார். ஆனால் கயிற்றைத் தவறாகப் பிடித்தபோது மாணவிகளைக் கடிந்த அதே குரலில் ஐயாவையும் கடிந்தார். வயதைப் பார்த்து விட்டுக்கொடுக்கும் ஆசிரியரை நீரில் நம்ப முடியாது என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

தரைப்பாடத்தின் மையம் ஒன்றே ஒன்று: காற்று எங்கிருந்து வருகிறது என்பதை எந்த நேரமும் அறிந்திருத்தல். காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை அளவுக்குள் சாதாரணப் பாய்ப்படகு எதுவும் நேரே செல்ல முடியாது. அங்கே போக வேண்டுமென்றால் வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். இதைப் படம் வரைந்து விளக்கும் ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள். இவர் எதிர்ச்சரிவில் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயங்களின் அடுப்புப் புகையைக் காட்டினார். தோட்டத்தின் ஒரு டிவிஷனின் புகை அணைக்கட்டை நோக்கிச் சாய்ந்திருக்க, அதற்கு அப்பாலுள்ள டிவிஷனின் புகை நேர்மாறாகச் சாய்ந்திருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ காற்று திரும்புகிறது, நீங்கள் போகும்போது பாய் அங்கேதான் படபடக்கும் என்றார். பிற்பகலில் சரியாக அந்த இடத்தில்தான் படபடத்தது. புகைக்குப் பிறகு யூகலிப்டஸ் உச்சிகள், அவற்றுக்குப் பிறகு நீரின் மேல் கருமையாக விரைந்து வரும் சிற்றலைத் திட்டுகள் என்று அடுத்தடுத்துப் பார்க்கப் பழக்கினார்.

பிறகு புல்வெளியிலேயே ஒரு லேசரை நிறுத்தி, எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, பாயின் அடிக்கட்டையான பூமைக் கையால் தள்ளித் திருப்பப் பழக்கினார். காற்றை முகத்தில் வாங்கித் திரும்புவது எளிது. தவறினாலும் படகு நின்றுவிடும், அவ்வளவே. காற்றை முதுகில் வாங்கித் திரும்பும்போது பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தலைக்கு மேல் வேகமாகப் பாயும். கடலில் நிகழும் தலைக்காயங்கள் பலவற்றுக்கு அதுவே காரணம். இந்த இரண்டாவது திருப்பத்தைத் தரையில் அலுக்கும்வரை செய்ய வைத்தார்கள். கண்டித் தம்பதியருக்குப் பொறுமை போய்விட்டது, எனக்கும்கூட. ஆனால் நீரில் இறங்கிய பிறகு குழுவில் ஒருவர் தலையிலும் பூம் படவில்லை.

உயிர்காப்பு அங்கிகள் விஷயத்தில் வகுப்பு கண்டிப்பானது. மலையகப் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது. கடலோ பெரிய குளமோ அருகில் இல்லாத இடத்தில் அது வியப்புக்குரியதல்ல. அதனால் படகைத் தொடுவதற்கு முன் எல்லோரும் அங்கியோடு இடுப்பளவு நீரில் இறங்கி, கால்களைத் தூக்கி, மல்லாந்து மிதந்து காட்ட வேண்டும். 50 நியூட்டன் மிதப்புவிசை கொண்ட அங்கி நீந்தத் தெரிந்தவருக்குத் துணையாகுமே தவிர, மயங்கியவரை முகம் மேல்நோக்கத் திருப்பாது. அதற்கு 150 நியூட்டன் போன்ற கூடிய மிதப்புவிசை கொண்ட வகை தேவை. நீந்தத் தெரியாதவர்களுக்கு அந்த இரண்டாவது வகையைத்தான் கொடுத்தார்கள். இந்த இடத்தில் பெரிய கிளாக்கர், தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதருக்கே நீச்சல் தெரியாதாமே என்று கேட்டார். உண்மைதான் என்று ஆசிரியை ஒப்புக்கொண்டார்: ஜோசுவா ஸ்லோகம் 1895இல் ‘ஸ்பிரே’ என்ற படகில் புறப்பட்டு 1898இல் திரும்பியவர், நீந்தத் தெரியாதவர். “அதே ஆள் 1909இல போன பயணத்தில திரும்பி வரேல்ல, ஐயா. அங்கியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக் கட்டுங்க” என்று முடித்தார்.

நீரில் முதற் பாடம் கவிழ்வது. லேசரை வேண்டுமென்றே சரித்து, நீரில் விழுந்து, படகைச் சுற்றி நீந்தி வந்து, படகின் அடியிலிருந்து நீண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி உடல் பாரத்தால் நிமிர்த்த வேண்டும். பாய்க்கயிறு தளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு உடனே காற்றைப் பிடித்து மறுபக்கம் சாயும். நீர் மிகவும் குளிராக இருந்தது. தைரியசாலிகள் என்று நாங்கள் நினைத்திருந்தவர்கள் தயங்கினார்கள்; பாடசாலையிலிருந்து வந்த ஒல்லியான மாணவி, தன் எடை போதாமல் நடுப்பலகையில் தொங்கியபடி நின்று, பிறகு அதன் நுனிக்கு நகர்ந்து படகை நிமிர்த்தினாள். நுனிக்கு நகரும்படி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியை இயந்திரப் படகில் பக்கத்திலேயே இருந்தார், உதவிக்குக் கை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கடுமையாகத்தான் பட்டது. கிரேக்கத்தில் விடுமுறைக்கு வந்தவர்களுக்குக் கற்பித்தபோது தொடக்கத்தில் உடனுக்குடன் உதவி வந்ததாகவும், அப்படிக் கற்றவர்கள் ஆசிரியர் இல்லாத படகில் கால் வைக்கவே அஞ்சியதைக் கண்டு அந்தப் பழக்கத்தை விட்டதாகவும் அவர் மாலையில் சொன்னபோதுதான் காரணம் விளங்கியது.

பிற்பகலில் உண்மையான செலுத்தம் தொடங்கியது. இங்கே அவருடைய கடல் அனுபவம் தலைகீழாகப் பயன்பட்டது என்று சொல்ல வேண்டும். அத்திலாந்திக்கில் ஒரே திசையில் சீராக வீசும் வியாபாரக் காற்றில் நாட்கணக்கில் பாய்க்கயிற்றைத் தொடாமலே போகலாம். காசல்ரீயில் அப்படிக் கயிற்றைக் கட்டிவிட்டுக் கைகளை ஓய்வாக வைத்தால், அடுத்த பள்ளத்தாக்கின் காற்று படகைக் கவிழ்த்துவிடும். எனவே கயிறு எப்போதும் கையிலேயே இருக்க வேண்டும், அடி வந்தால் முதலில் கயிற்றைத் தளர்த்து, பிறகு யோசி என்பது அவர் விதி. சிறு ஏரிகளில் பழகியவர்கள் காற்றின் திசைமாற்றத்தைக் கடலில் பழகியவர்களைவிட விரைவில் உணர்வதைப் பல நாடுகளில் கவனித்ததாகவும், இந்த இடத்தைத் தெரிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொன்னார். அந்தக் கூற்றைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் மாலைக்குள் என் கை, கண் பார்க்கும் முன்பே கயிற்றைத் தளர்த்தப் பழகியிருந்தது.

கரையோரக் கடற்பயணத்தில் பயன்படும் ஓர் உத்தியையும் இங்கேயே கற்பித்தார். டிக்கோயாப் பக்கத்து மேட்டிலுள்ள வார்லி தேவாலயத்தையும் அதற்குப் பின்னாலிருக்கும் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு செலுத்துங்கள் என்றார். மரம் தேவாலயத்துக்கு ஒரு பக்கமாக விலகினால், படகு முன்னே போவதோடு பக்கவாட்டிலும் நழுவுகிறது என்று பொருள். துறைமுக வாயில்களில் இதற்கென்றே இரட்டை விளக்குகள் அமைக்கிறார்கள். நமக்கு 1878இல் கட்டிய ஒரு தேவாலயம் போதுமாக இருந்தது.

வழிவிடும் விதிகளையும் சுருக்கமாகச் சொல்லித்தந்தார்கள். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்காக 1972இல் ஏற்கப்பட்ட சர்வதேச விதிகளின்படி, எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றை வாங்கும் இரு பாய்ப்படகுகளில், இடப்பக்கத்தில் வாங்குவது விலக வேண்டும். பொதுவாக இயந்திரப் படகு பாய்ப்படகுக்கு விலக வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் இயந்திரப் படகோட்டிகள் இந்த விதிகளைக் கேள்விப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

மதிய உணவு சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல், சம்பல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மாலை, கொட்டகைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படங்களோடு ஓர் உரை உண்டு. விளம்பரத்தில் முதன்மையாகப் போட்டிருப்பது இதைத்தான். நேர்மையாகச் சொன்னால் இது மிக நீண்டது. நடுக்கடல் அஸ்தமனப் படங்களில் பாதியை நீக்கியிருந்தால் நாங்கள் கடைசிப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்திராது. ஆயினும் உரையின் சில பகுதிகளுக்காகவே மீண்டும் ஒருமுறை போகலாம்.

இங்கிலாந்தின் சொலன்ட் நீரிணையைப் பற்றிய பகுதி அவற்றில் ஒன்று. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றரை எட்டாது. ஆகவே திருகோணமலையில் வளர்ந்தவருக்கு, காலையில் மிதந்த படகு மாலையில் சேற்றில் சாய்ந்து கிடப்பது புதிய காட்சி. அந்த நீரிணையின் நடுவிலுள்ள பிராம்பிள் மணற்றிட்டு, ஆண்டில் மிகத் தாழ்ந்த வற்றின்போது சிறிது நேரம் மட்டும் வெளிப்படும். அந்த இடைவெளியில் உள்ளூர்ப் படகுக் கழகத்தினர் அதன் மேல் கிரிக்கெட் ஆடுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர் காசல்ரீயின் படத்தைக் காட்டினார். நீர்த்தேக்கம் மின் உற்பத்திக்கானது. விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் விடப்படும்போதும் வறட்சி நீளும்போதும் மட்டம் இறங்கி, நேற்று படகு ஓடிய இடத்தில் இன்று மண்மேடும் பழைய மரக்கட்டைகளும் எழும். சொலன்டில் அட்டவணை பார்த்து அறிந்துகொள்ளலாம், இங்கே அட்டவணை கிடையாது, எனவே ஒவ்வொரு காலையும் கரையை நடந்து பார்க்கிறேன் என்றார். அவர் நடப்பதை மறுநாள் அதிகாலையில் நானே கண்டேன்.

கிரேக்கத்தை ஒட்டிய ஈஜியன் கடலின் மெல்டெமி காற்றைப் பற்றிச் சொன்னதும் அவ்வாறே பயனுள்ளது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ் புயலின் வேகத்தை நெருங்கக்கூடியது. கறுத்த மேகத்தைக் கண்டால் மட்டும் அஞ்சப் பழகிய ஆசிய மாணவர்கள் அதில்தான் ஏமாறினார்கள் என்றார். மாசி, பங்குனியில் வெயிலடிக்கும் காசல்ரீயிலும் நண்பகலுக்குப் பிறகு இதுவே சிறிய அளவில் நடக்கிறது.

அத்திலாந்திக் பகுதி எல்லோரும் எதிர்பார்த்தது. கனேரித் தீவுகளிலிருந்து கரீபியனின் சென்ற் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல்மைல். சாதாரணப் படகுக்கு மூன்று வாரம் வரை ஆகும். வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு என்பது பழைய மாலுமிகள் சொல்லிவைத்த வழி. புயல்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கயிறு ஓரிடத்தில் உராய்ந்து தேய்வதைத் தினமும் தேடிப் பார்ப்பது, தூக்கத்தைப் பங்கிட்டுக் காவல் முறை வைப்பது, சிறிய தளத்தில் மனஸ்தாபமில்லாமல் வாழ்வது என்பவற்றையே விரிவாகச் சொன்னார். மாணவிகள் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது. எனக்கோ அதுதான் உண்மையான அனுபவத்தின் அடையாளமாகப் பட்டது.

பனாமாக் கால்வாயைப் பற்றிய பகுதியே உரையில் மிகச் சிறந்தது என்பேன். அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் படகுகளை நீர்ப்பூட்டுகள் ஏறத்தாழ 26 மீற்றர் உயர்த்தி கட்டூன் ஏரியில் விடுகின்றன. அந்த ஏரி சாக்ரஸ் ஆற்றை அணைகட்டி மறித்து உருவாக்கப்பட்டது. கரையோர ஊர்கள் பல அதில் மூழ்கின. உப்புநீரிலிருந்து வந்த பாய்ப்படகு, மலைகளுக்கு நடுவே நன்னீரில், மூழ்கிய ஊர்களின் மேல் ஓரிரவு நங்கூரமிட்டுக் கிடக்கிறது. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த முதியவர் “எங்க பழைய மஸ்கெலியா மாதிரி” என்றார். மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போனது. நீர் வற்றும் ஆண்டுகளில் கோயிலின் எச்சங்கள் இன்றும் மேலே வருகின்றன. முதியவர் இளைஞராக அந்த வீதிகளில் நடந்தவர். அதன் பிறகு அரைமணி நேரம் உரை அவருடையதாகவே ஆனது, ஆசிரியை படங்களை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நிரலைப் பிடிவாதமாகப் பின்பற்றும் ஒருவர் இதை அனுமதித்திருக்க மாட்டார்.

உலகப் பயணங்களின் வரலாற்றைச் சொல்லும்போது நம் பகுதியின் பங்கையும் அவர் விடவில்லை. ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் 1968-69இல் 312 நாட்களில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறைக் கடலோடிகளின் கையால் செலுத்தப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியில், 2022இல் தொடங்கிய சுற்றில், இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்த தென்னாபிரிக்கரான கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் ஒரு பெண். இந்தக் கடைசிச் செய்தியை அவர் அழுத்தமில்லாமல்தான் சொன்னார். என் தமக்கை மகள் அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பதைப் பிறகு பார்த்தேன்.

இனிக் குறைகள். முன்பதிவு முழுவதும் வாட்ஸ்அப் மூலம் நடக்கிறது. பதில் வர நாட்களாகும், வந்த பதிலும் பிறகு மாறும். எங்கள் திகதி, பணம் கட்டிய பின் ஒருமுறை மாற்றப்பட்டது. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. பெண்கள் உடை மாற்றுவதற்குக் கொட்டகையின் மூலையில் துணி கட்டிய மறைப்புத்தான் இருக்கிறது, கழிப்பறை மேலே வீதிக்கு அருகில். ஈர உடையோடு அந்த ஏற்றத்தை ஏறி இறங்கச் சொல்வது, பெண் ஆசிரியையே நடத்தும் வகுப்பில் எதிர்பாராதது. சிறிய அளவு அங்கிகள் போதாமையால் இரு மாணவிகள் மாறி மாறி அணிய வேண்டியிருந்தது. பாதுகாப்பில் குறைவு இல்லை, அவர்கள் நீரில் இருந்த நேரம்தான் பாதியானது. ஆனால் கட்டணம் முழுமையாகவே வாங்கப்பட்டது.

சான்றிதழைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஆசிரியையின் தகுதி பிரித்தானியச் சங்கத்தினுடையது; முடிவில் நமக்குத் தரும் தாள் இந்த நிலையம் தானே அச்சிட்டது. அந்தச் சங்கத்தின் சான்றிதழ் அது அங்கீகரித்த நிலையங்களிலிருந்து மட்டுமே கிடைக்கும். வெளிநாட்டுப் படகுகளில் வேலை தேட உதவும் என்று எண்ணி யாராவது பிள்ளையைச் சேர்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆசிரியையிடம் கேட்டால் உண்மையைச் சொல்கிறார், விளம்பரம்தான் மழுப்புகிறது.

கட்டணம் தோட்டத்தில் இரண்டு வாரம் கொழுந்து பறித்தாலும் எட்டாத தொகை. எதிர்ச்சரிவு லயங்களின் புகையைப் பார்த்துக் காற்றைக் கற்றுக்கொள்கிறோம், ஆனால் அந்த லயங்களின் பிள்ளைகள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இதை நான் ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன். பாடசாலைகள் வழியாகக் குறைந்த கட்டணத்தில் கிழமை நாள் வகுப்பு நடத்த விரும்புவதாகவும், அங்கிகளும் இன்னும் இரண்டு ஒப்டிமிஸ்ட்டும் சேர்ந்த பிறகே அது முடியும் என்றும் சொன்னார். அது நடக்கும்வரை, பணமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களை என்னால் முற்றாக மறுக்க முடியாது.

கற்பித்தலுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் தயங்காமல் மிக உயர்வாகப் போடுவேன். ஞாயிறு பிற்பகலில் என் தமக்கை மகள் ஒப்டிமிஸ்ட்டில் தனியாக மறுகரைக்குப் போய்த் திரும்பினாள். பெரிய கிளாக்கர் என்டர்பிரைஸில் சுக்கான் பிடித்தார். கண்டித் தம்பதியர் அதே படகில் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டே நன்றாகச் செலுத்தினார்கள். பதினான்கு, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், முழங்கால் வளையும் எந்தப் பெரியவருக்கும் இதைப் பரிந்துரைப்பேன். கடற்பயணக் கதைகளுக்காக மட்டும் போக எண்ணுபவர்கள் சனிக்கிழமை மாலை உரைக்குத் தனிக்கட்டணம் கட்டிப் போகலாம். அதற்கும் வசதி உண்டு.

போவதென்றால் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிய பிறகு மழையும் அடிகாற்றும் பழகாதவருக்கு ஏற்றவையல்ல, அந்த மாதங்களில் வகுப்பும் பெரும்பாலும் நடப்பதில்லை. அந்த நல்ல காலமே சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் என்பதால், பௌர்ணமி நாளான போயா விடுமுறையை ஒட்டிய வார இறுதிகளில் ஹட்டனில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. மாற்று உடை இரண்டு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், நீரில் நனைந்தாலும் பரவாயில்லாத சப்பாத்து ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பணம் கட்டுமுன் பிள்ளையின் எடையைச் சொல்லி, அந்த அளவில் அங்கி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.